"ஏன்டா செஞ்சே?" என்று குடையாதீர்கள்

போன வாரம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் எங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஓசூரிலிருந்து வந்த ஒரு அம்மா, 8 வயதுப் பையன். தண்ணீர் பாட்டிலை பஸ்ஸில் விட்டுவிட்டானாம். "ஏன்டா விட்டே? சொல்லு, ஏன்?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவை அவன், "கண்டக்டர் எடுத்துக்கிட்டாரு" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் அப்படிக் கேட்டவள்தான்.

ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமல், துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) உள்ள பிள்ளையை அடிக்காதீர்கள், அண்ணனோடு ஒப்பிடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

காரணம் கேட்டுக் குடைவது

ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். செய்ய வேண்டிய நேரத்தில் அது நினைவில் நிற்காது. அதனால் "ஏன்" என்றால் அவனிடம் பதிலே கிடையாது. நாமோ பதில் வராமல் விடுவதில்லை. கடைசியில் ஒன்றைத் தயார்பண்ணிக் கொடுக்கிறான். பொய் சொன்னதற்குத் தனியாக ஒரு பூசை.

என் மகன் 3ஆம் வகுப்பில் கன்னட வீட்டுப்பாடத்தை என் கண்ணெதிரே எழுதி முடிப்பான். நோட்டு பையிலேயே இருந்து திரும்பி வரும். "ஏன் கொடுக்கல?" "மிஸ் கேக்கல." போன் போட்டேன், கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பொய்க்காக அடி வாங்கினான். இரண்டு மாதம் கழித்து, செருப்பு அலமாரிக்குப் பின்னால் டைரியிலிருந்து கிழித்த பக்கங்கள் கிடைத்தன. எல்லாவற்றிலும் சிவப்பு மையில் டீச்சரின் குறிப்பு. ஒளிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். இன்னும் என்மேல் எரிச்சல் தீரவில்லை.

அப்புறம் பேச்சை மாற்றினேன். "நோட்டு பையிலேயே இருக்கு. நாளைக்கு எப்படிக் கொடுக்கலாம்?" அவ்வளவுதான். டிபன் டப்பா மூடியில் 'நோட்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டியது அவன் யோசனை. பாதி நாள் வேலை செய்தது. கொடுத்த அன்றே பாராட்டிவிடுவேன். சனிக்கிழமை பரிசு என்பது அவனுக்கு அடுத்த வருஷம் மாதிரி.

"செல்போனை மட்டும் ரெண்டு மணி நேரம் பாக்கறானே?"

பிடித்ததில் மட்டும் அப்படி மூழ்கிப்போவது, ஏ.டி.எச்.டி.யில் அதுவும் உண்டு. நடிப்பு இல்லை.

சாப்பிடாமல் திரும்பும் டப்பா

ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெதில்பெனிடேட் மாத்திரை பசியை மந்தமாக்கும். திட்டாதீர்கள். காலையில் மாத்திரைக்கு முன்னாலேயே வயிறு நிறைய இட்லி. ராத்திரி பசி திரும்பும்போது இன்னொரு தோசை.

லீவு நாளில் மாத்திரையை நிறுத்துவது

டாக்டரைக் கேளுங்கள். பக்கத்து வீட்டை அல்ல.

ஊருக்குப் போன் பேசும்போது

அவன் செய்ததையெல்லாம் பாட்டியிடம் ஒப்பிக்காதீர்கள். அவன் காதில் விழும். ஸ்பீக்கரில் வேண்டவே வேண்டாம்.