கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் புகழ்பெற்ற மாணவர், ஆசிரியர் பட்டியலைத் தொகுப்பது எப்படி?

பள்ளிக்கு நூற்றாண்டு நெருங்கும்போது விழா மலர்க் குழு கூடுகிறது. முதல் கூட்டத்திலேயே, நம் பள்ளியில் படித்துப் பெரிய ஆளானவர்கள் யார் யார் என்ற பேச்சு எழுகிறது. தேநீர் வருவதற்குள் இருபது பெயர்கள் குவிந்துவிடுகின்றன. அவற்றில் பல வேறு பள்ளிக்கோ பக்கத்துக் கல்லூரிக்கோ உரியவை என்பது பிறகுதான் தெரியவரும். இத்தகைய பட்டியல்கள் இரண்டைத் தொகுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர்களைச் சேர்க்கத் தொடங்கும் முன்னரே, எந்தச் சான்று இருந்தால் ஒரு பெயரை ஏற்பது என்பதைக் குழு எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் பள்ளியையும் கல்லூரியையும் பிரித்துக்கொள்ளுங்கள். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையினரின் தூய வளனார் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம் பெயர்ந்தது. அதே பெயர் கொண்ட மேல்நிலைப் பள்ளியும் திருச்சியில் இருப்பதால், அப்துல் கலாமைப் பள்ளியின் கணக்கில் எழுதிவிடும் ஆசை எவருக்கும் வரும். அவர் 1950-இல் சேர்ந்து 1954 வரை படித்தது கல்லூரியில்தான். அவருடைய உயர்நிலைப் பள்ளி இராமநாதபுரத்தின் சுவார்ட்ஸ் பள்ளி. அது கத்தோலிக்கப் பள்ளியும் அன்று, சீர்திருத்தத் திருச்சபை மரபில் வந்தது. அக்கல்லூரியில் இயற்பியல் படித்த எழுத்தாளர் சுஜாதாவின் பள்ளிப்படிப்பும் திருவரங்கத்திலேயே முடிந்திருந்தது. இவ்விருவரையும் கல்லூரிப் பட்டியலில் சேர்க்கலாம். பள்ளிப் பட்டியலில் சேர்த்தால் அது பிழை.

இலங்கையில் இந்தக் குழப்பம் தலைகீழாக வரும். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்ற சொல் பெரும்பாலும் பள்ளியையே குறிக்கும். புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார் என்றால் பள்ளிப்படிப்பு என்றே பொருள். இதை அறியாத தமிழ்நாட்டுத் தொகுப்பாளர், அத்தகையவரைப் பட்டதாரி என்று எழுதிவிடுகிறார்.

பெயரில் 'புனித', 'தூய', 'பரி.' (பரிசுத்த) என்ற அடை இருப்பதனாலேயே ஒரு பள்ளி கத்தோலிக்கப் பள்ளி ஆகிவிடாது. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் நிறுவனங்கள் இயேசு சபையைச் சேர்ந்தவை. தூய யோவான் நிறுவனங்கள் சீர்திருத்த மரபின் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவை. யாழ்ப்பாணத்தின் பரி. யோவான் கல்லூரி ஆங்கிலிக்கன் மரபில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்தது. பிறந்த ஊரை வைத்துப் பள்ளியை ஊகிப்பதும் இதே வகைப் பிழைதான். சர் சி. வி. இராமன் 1888-இல் திருச்சியில் பிறந்தார். தந்தையின் ஆசிரியப் பணி காரணமாகக் குடும்பம் விசாகப்பட்டினத்துக்குச் சென்றதால், அங்குள்ள கத்தோலிக்கப் பள்ளியான தூய அலோசியஸ் ஆங்கிலோ-இந்திய உயர்நிலைப் பள்ளியில் படித்துப் பதினொரு வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். நோபல் பரிசு பெற்ற அவரைத் தம் பட்டியலில் முதலில் வைக்கும் உரிமை விசாகப்பட்டினத்துப் பள்ளிக்குத்தான் உண்டு.

அடுத்த வேலை பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறப்பது. தலைமையாசிரியரிடமும் தாளாளரிடமும் எழுத்தில் அனுமதி பெற்று, அலுவலக அறையிலேயே அமர்ந்து பாருங்கள். பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுசெல்லக் கேட்காதீர்கள். இரு பக்கமும் விரியும் பெரிய தாளில் வரிசை எண், மாணவர் பெயர், தந்தை அல்லது காப்பாளர் பெயர், பிறந்த நாள், முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, விலகிய நாள், மாற்றுச் சான்றிதழ் எண் எனக் கட்டங்கள் ஓடும். பொடிப்பொடியாக உதிரும் ஓரங்களை விரலால் புரட்டாமல், ஒரு தடித்த அட்டையைத் தாளுக்கு அடியில் செருகித் திருப்புவது நல்லது. வலப்பக்கக் கட்டங்களைப் பலர் பார்ப்பதே இல்லை. அங்கேதான், பெரிய மனிதர் நம் பள்ளியில் மூன்றே மாதம் இருந்துவிட்டு விலகிய செய்தி கிடக்கும். முழுதாக ஒரு கல்வியாண்டு படித்தவரை மட்டும் மாணவர் என ஏற்பது என் வழக்கம். நீங்கள் வேறு அளவு வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாருக்கும் அதே அளவாக இருக்க வேண்டும்.

பிறந்த நாளை மட்டும் நம்பி ஆளை அடையாளம் காணாதீர்கள். ஜூன் மாதச் சேர்க்கைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுக்கொடுத்த காலம் உண்டு. கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை என்றால் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு பெரும்பாலும் சரியான நாளைக் காட்டும். பங்குத்தந்தையிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார். கடற்கரை ஊர்ப் பள்ளிகளில் ஒரே வகுப்பில் மூன்று அந்தோணியும் நான்கு சேவியரும் இருப்பது வழக்கம். தலைப்பெழுத்தும் ஒன்றாகவே இருந்துவிடும். தந்தை பெயர், ஊர், விலகிய ஆண்டு ஆகிய மூன்றும் பொருந்தாமல் எவரையும் இவர்தான் அவர் என்று உறுதி செய்யக் கூடாது. என் முதல் தொகுப்பில் இதைச் செய்யத் தவறி, அண்டை மாவட்டத்தில் அதே புனிதர் பெயரில் உள்ள பள்ளியின் மாணவரை எங்கள் மாணவராக அச்சிட்டுவிட்டோம். விழாவுக்கு முந்தைய இரவில் நான்கு பேர் உட்கார்ந்து, பிரதிக்குப் பிரதி வெள்ளைத்தாள் ஒட்டினோம்.

பெயர் மாற்றம் தனிக் கவனம் கேட்கும். இலங்கையில் பிறந்த தமிழறிஞரும் கத்தோலிக்கக் குருவுமான தனிநாயகம் அடிகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1913-இல் ஊர்காவற்றுறைப் பகுதியின் கரம்பனில் பிறந்த அவருக்கு இட்ட பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியில் 1920 முதல் 1922 வரையும், புனித பத்திரிசியார் கல்லூரியில் 1923 முதல் 1930 வரையும் படித்த காலத்தில் 'தனிநாயகம்' என்ற பெயர் அவருக்கு இல்லை. அந்தப் பெயரோடு பதிவேட்டைத் தேடுகிறவர், இவர் இங்கே படிக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். தனித்தமிழ்ப் பற்றால் பெயர் மாற்றிக்கொண்டவர், திருமணத்துக்குப்பின் தலைப்பெழுத்து மாறிய பெண், துறவற சபையில் சேர்ந்து புதுப்பெயர் பெற்ற சகோதரி என ஒவ்வொருவருக்கும் பள்ளிக்காலப் பெயரை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஆசிரியர் பகுதியைப் பல மலர்கள் தலைமையாசிரியர்களின் படவரிசையோடு முடித்துவிடுகின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஏனெனில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் உண்மையான செல்வம் அங்கே சில ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு வேறு பணிக்குப் போனவர்களிடம் இருக்கிறது. தனிநாயகம் அடிகளே குருப்பட்டம் பெற்றபின் 1940 முதல் 1945 வரை திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் புனித தெரசாள் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். முறையான தமிழ்க் கல்வியை அவர் தொடங்கியதும் அங்கேதான். பிறகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று முதுகலை படித்தார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடப்பதற்கு முன்நின்ற ஒருவர் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கிய இடம் ஒரு சிற்றூர்ப் பள்ளி என்பதைவிட அந்தப் பள்ளி மலருக்கு வேறென்ன செய்தி வேண்டும்? அன்னை தெரசாவும் கொல்கத்தாவின் எண்டாலியில் லொரெட்டோ சகோதரிகளின் புனித மரியாள் பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியர். 1944-இல் தலைமையாசிரியராகி, 1948-இல் மடத்தை விட்டு ஏழைகளிடையே பணிக்குச் சென்றார்.

துறவற ஆசிரியர்களைப் பற்றிய செய்திகள் பள்ளி அலுவலகத்தில் இல்லாமல், சபையின் மாநிலத் தலைமையகத்திலோ மறைமாவட்ட ஆயர் இல்லத்திலோ இருக்கும்; துறவியர் இல்லத்தின் குறிப்பேட்டில் யார் எந்த ஆண்டு வந்தார், எங்கே மாற்றலானார் என்பது நாள்வாரியாகக் கிடைக்கும். துறவியர் அல்லாத பொதுநிலை ஆசிரியர்களுக்குப் பணிப்பதிவேடும் ஊதியப் பட்டியலும் போதும். குருக்களாகவும் சகோதரிகளாகவும் போன மாணவர்கள் அனைவரையும் முதன்மைப் பட்டியலில் கொட்டாதீர்கள். அவர்களுக்குத் தனிப்பக்கம் ஒதுக்கி, ஆயர், அறிஞர், எழுத்தாளர் என வெளியார் எழுத்திலும் பதிவானவர்களை மட்டும் முதன்மைப் பட்டியலில் கொள்ளுங்கள்.

சேர்க்கைப் பதிவேட்டில் சாதிக்கும் மதத்துக்கும் கட்டங்கள் உண்டு. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மலரில் போடுவது கூடவே கூடாது. உடன் படித்த முப்பது பேரின் விவரமும் அதனோடு வெளிப்பட்டுவிடும். உயிரோடிருப்பவர்களுக்கு எழுதிய குறிப்பை அனுப்பி ஒப்புதல் பெறுங்கள்.

ஒவ்வொரு குறிப்பும் ஒரே அமைப்பில் இருக்கட்டும்: இன்று வழங்கும் பெயர், பள்ளிக்காலப் பெயர், மாணவரா ஆசிரியரா, எந்த ஆண்டுகள், எதற்காக அறியப்படுகிறார். எடுத்துக்காட்டாக, "தனிநாயகம் அடிகள் (1913–1980), பள்ளியில் ஸ்தனிஸ்லாஸ், மாணவர், 1923–30, தமிழறிஞர்" என்று எழுதினால் போதும், 'மாபெரும்', 'ஈடு இணையற்ற' முதலிய அடைகள் எதற்கும் தேவை இல்லை. அச்சுக்குப் போகும் பிரதியில் இவ்வளவு இருக்க, சான்றின் பதிவேட்டு எண்ணும் பக்கமும் குறித்த மற்றொரு பிரதியை நூலக அலமாரியில் வையுங்கள். குழு ஏற்காமல் விட்ட பெயர்களையும் காரணத்தோடு அதன் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்தால், அடுத்த விழாக் குழு அதே இருபது பெயர்களோடு வரும்போது யாரும் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிராது.