மீண்டும் மீண்டும் வரும் நோயும் இ.எஸ்.ஐ. விடுப்பும்: தொழிலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருமுறை காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்து எழுந்து வேலைக்குத் திரும்புபவருக்கு, தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டமான இ.எஸ்.ஐ.யின் விதிகள் பெரிய சிக்கல் எதையும் தருவதில்லை. முதுகுவலி, ஆஸ்துமா, சிறுநீரகக் கல், காசநோய் என விட்டு விட்டுத் திரும்பும் நோய் உள்ளவர்தாம் பணத்தை இழக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் தகுதி இல்லாததால் அல்ல, இரண்டு நோய்க்காலங்களுக்கு இடையே என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதால். நோய் எவ்வளவு கடுமையானது என்பதைவிட, அது எந்தத் தேதியில் தொடங்கியதாகப் பதிவாகியுள்ளது, எந்தத் தேதியில் முடிந்தது, இடையில் எத்தனை நாள் சம்பளம் பெற்று வேலை நடந்தது என்பவற்றையே விதிகள் பார்க்கின்றன.

அடிப்படைக் கணக்கை முதலில் சொல்லிவிடலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் நிறுவனத்திடம் 3.25 சதவீதமும் பிடித்தமாகச் செல்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அதாவது பிடித்தம் கணக்கிடப்படும் அரையாண்டு. அந்தப் பிடித்தத்தின் பேரில் பணம் பெறக்கூடிய அரையாண்டான பயன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு பங்களிப்புக் காலம். அதன் பயன் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பிடித்தம் சென்றிருந்தால், அதற்குரிய பயன் காலத்தில் நோய்க்காலப் பணம் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதமாகக் கிடைக்கும். மாதம் 15,000 ரூபாய் வாங்குபவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 2025 நவம்பர் 21 முதல் 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் இடத்திற்கு 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. விகிதமும் நாள் கணக்கும் விதிகளால் வரையறுக்கப்படுபவை; ஆகவே இங்கே சொல்லப்படும் நெடுங்கால நடைமுறையில் விதிமாற்றம் ஏதேனும் வந்துள்ளதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

நோய் திரும்பும்போது முதலில் கைவிட்டுப் போவது அந்த இரண்டு நாள் பணம். ஒவ்வொரு நோய்க்காலத்திலும் முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. அதைக் காத்திருப்புக் காலம் என்கிறார்கள். ஆனால் முன்பு பணம் வழங்கப்பட்ட நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்கு மேற்படாத இடைவெளியில் மீண்டும் நோய்வாய்ப்பட்டால், இந்த இரண்டு நாள் கழிவு இல்லை. முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. இந்த விதியைத் தெரிந்தவர்களே குறைவு. தெரிந்தவர்களிலும் பலர், அதே நோயாக இருந்தால்தான் இது பொருந்தும் என்று நினைக்கிறார்கள். விதி நோய்க்காலத்தைப் பற்றித்தான் பேசுகிறதே தவிர, நோயின் பெயரைப் பற்றி அல்ல. முதலில் முதுகுவலி, அடுத்து டைபாய்டு என்றாலும் இடைவெளிதான் கணக்கு.

திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் இயந்திரத்தில் உட்காரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மார்ச் 3 முதல் 12 வரை முதுகுவலிக்கு மருத்துவச் சான்றிதழ் பெற்று, காத்திருப்பு நாள் 2 போக 8 நாளுக்குப் பணம் வாங்கி, 13-ஆம் தேதி வேலைக்குத் திரும்புகிறார். 26-ஆம் தேதி வலி மறுபடி தொடங்குகிறது. அன்றே இ.எஸ்.ஐ. மருந்தகத்திற்குப் போயிருந்தால் இடைவெளி 13 நாள். முழுப் பணமும் கிடைத்திருக்கும். ஆர்டர் முடியட்டும், பொறுத்துப் பார்ப்போம் என்று தைலம் தேய்த்துக்கொண்டு 30-ஆம் தேதி போகிறார். இப்போது இடைவெளி 17 நாள் ஆகிவிட்டதால் மீண்டும் இரண்டு நாள் போய்விட்டது. மருத்துவர் பரிசோதித்த நாளிலிருந்துதான் பொதுவாகச் சான்றிதழ் தொடங்கும். வலி 26-ஆம் தேதியே வந்துவிட்டது என்று பின்னால் வாயால் சொல்லிப் பயனில்லை.

இதே விதிக்குள் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. முந்தைய நோய்க்காலத்திற்குப் பணம் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. முதல் முறை உடம்பு சரியில்லாதபோது, இரண்டு மூன்று நாள்தானே என்று கம்பெனியின் சம்பளத்துடன் கூடிய விடுப்பை எடுத்துக்கொண்டவருக்கு, பத்து நாள் கழித்து நோய் திரும்பும்போது பற்றிக்கொள்ள முந்தைய நோய்க்காலம் எதுவும் பதிவில் இருக்காது. சின்ன நோய்க்கு விடுப்பை எடுப்பதே தவறு என்று சொல்லவில்லை. திரும்பி வரும் தன்மையுள்ள நோய் என்று தெரிந்தவர் முதல் முறையிலேயே சான்றிதழ் வழியில் போவதுதான் கணக்குக்கு ஏற்றது. இரண்டையும் ஒரே நாளுக்குச் சேர்த்து எடுக்க வழியில்லை என்பதையும் மறக்கக் கூடாது. சம்பளத்துடன் கூடிய விடுப்பில் இருந்த நாளுக்கு நோய்க்காலப் பணம் கிடையாது. வாங்கியிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். கிளை அலுவலகம், குறிப்பிட்ட நாட்களில் தொழிலாளி உண்மையிலேயே வேலைக்கு வரவில்லையா என்று நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்க்கும். சான்றிதழ் வெள்ளிக்கிழமை வரை இருக்க, ஓவர்டைம் கிடைக்கிறது என்று புதன்கிழமையே இயந்திரத்தில் உட்கார்ந்துவிடுபவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். முன்கூட்டியே குணமாகிவிட்டால், மருந்தகத்திற்குச் சென்று வேலைக்குத் தகுதி என்ற இறுதிச் சான்றிதழைப் பெற்ற பிறகே திரும்ப வேண்டும். அந்த இறுதிச் சான்றிதழின் தேதிதான் அடுத்த 15 நாள் கணக்குக்கும் தொடக்கம் என்பதால், அதை வாங்காமல் விடுவது இரட்டை நட்டம்.

91 நாள் என்ற உச்சவரம்பில் வரும் குழப்பம் இதைவிடப் பெரியது. நோய்க்காலப் பணம் தொடர்ச்சியான இரண்டு பயன் காலங்களில் மொத்தம் 91 நாளுக்குத்தான். ஜூலை பிறந்தால் புதுக் கணக்கு என்ற நம்பிக்கை ஆலை வாசல்களில் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. ஜனவரி முதல் ஜூன் வரையுள்ள காலத்தில் 60 நாள் பயன்படுத்திவிட்டவருக்கு, ஆகஸ்டில் நோய் திரும்பினால் டிசம்பர் முடியும்வரை மீதமிருப்பது 31 நாள் மட்டுமே. அந்த 31-ஐயும் எடுத்துவிட்டால், அடுத்த ஜனவரியில் பார்க்கப்படுவது ஜூலை–டிசம்பரும் புதிய ஜனவரி–ஜூனும் சேர்ந்த கணக்கு; அப்போது 60 நாள் மீண்டும் கிடைக்கும். எந்த நோய்க்கு எத்தனை நாள் என்ற பிரிவினை இல்லை. சளிக்கு எடுத்த ஐந்து நாளும் ஆஸ்துமாவுக்கு எடுத்த இருபது நாளும் ஒரே பையிலிருந்துதான் போகின்றன.

அந்த ஜனவரியில் இன்னொரு தடையும் காத்திருக்கலாம். நோய்க்காலப் பணம் வாங்கிய நாட்களுக்குச் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாததால் பிடித்தமும் இல்லை. ஆகவே அந்த நாட்கள் 78-இல் சேர்வதில்லை. ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை விடுப்பில் இருந்துவிட்டு, உடம்பு தேறட்டும் என்று செப்டம்பரையும் சம்பளமில்லா விடுப்பில் கழித்த ஒருவர், ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு நாள் விடாமல் சம்பளம் பெற்றிருந்தாலும் அவருக்கு 61 நாள்தான் தேறும். அந்த ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை அவருக்குச் சிக்கல் இல்லை, ஏனெனில் அதைத் தீர்மானிப்பது முந்தைய அக்டோபர்–மார்ச். அடி விழுவது அடுத்த ஜனவரியில். நோய் திரும்பும்போது பணம் இல்லை என்று கவுன்டரில் கேட்கும்போதுதான் அவருக்கே தெரியவரும். நீண்ட நோயிலிருந்து எழுந்தவர் சம்பளமில்லா நாட்களை நீட்டிப்பதற்கு முன், நடப்புப் பங்களிப்புக் காலத்தில் இதுவரை எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்று சம்பளச் சீட்டுகளை எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். உடல்நிலை இடம்கொடுத்தால் மருத்துவரைக் கேட்டுச் செப்டம்பரில் மூன்று வாரம் வேலைக்குச் செல்வது, அடுத்த அரையாண்டு முழுவதற்குமான பாதுகாப்பைக் காப்பாற்றிக் கொடுக்கக்கூடும்.

சம்பள உயர்வால் 21,000-ஐத் தாண்டிவிட்டவர்கள் இதற்கு நேர்மாறான தவறைச் செய்கிறார்கள், இனி இ.எஸ்.ஐ. இல்லை என்று அட்டையை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மே மாதத்தில் சம்பளம் உயர்ந்தாலும் செப்டம்பர் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். அதற்குரிய பயன் அடுத்த ஆண்டு ஜூன் வரை நீளும். வரம்புக்கு வெளியே போன கடை, அலுவலகப் பணியாளர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பை அளிக்கிறது. அடிக்கடி நோய் திரும்புபவருக்கு அது போதாது என்பது வேறு விஷயம்.

பெயர் பதிவாகாத நோய்

நோயின் பெயர் எங்கே முக்கியம் என்றால், 91 நாளுக்குப் பிறகு. காசநோய், தொழுநோய், புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, கடும் மனநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு, 91 நாள் தீர்ந்த பிறகும் 80 சதவீத விகிதத்தில் நீட்டிக்கப்பட்ட பயன் உண்டு. மருத்துவப் பரிந்துரையின் பேரில் அது இரண்டு ஆண்டு வரை செல்லலாம். இதற்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டு இத்திட்டத்திற்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். அதோடு நான்கு தொடர் பங்களிப்புக் காலங்களில் 156 நாளுக்காவது பிடித்தம் சென்றிருக்க வேண்டும்.

காசநோயாளிகள் இங்கேதான் தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொள்கிறார்கள் என்பது என் கருத்து. கம்பெனியில் தெரிந்தால் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று பயந்து, வெளியே தனியாரிடம் மருந்து வாங்கிக்கொண்டு, மருந்தகத்தில் இருமல், காய்ச்சல் என்று மட்டும் சொல்லிச் சான்றிதழ் பெறுகிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கே வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். மூன்றாம் மாதம் உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். திரும்பும்போது 91 நாளும் இருமல் கணக்கில் கரைந்து போயிருக்கும். நோய் உறுதி செய்யப்பட்ட ஆவணம் இல்லாமல் நீட்டிக்கப்பட்ட பயனைக் கேட்க முடியாது. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, திசுப் பரிசோதனை முடிவுகளை முதல் நோய்க்காலத்திலேயே இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் அயனாவரம், கே.கே. நகர், சிங்காநல்லூர் போன்ற இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளின் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். சிகிச்சையைத் தொடர்வதும் மருத்துவர் சொல்வதைப் பின்பற்றுவதும் பணம் பெறுவதற்கான நிபந்தனைகளே என்பதால், மாத்திரையை நிறுத்துவது உடம்போடு உரிமையையும் கெடுக்கும்.

வேலையில் ஏற்பட்ட காயம் மறுபடி தலைதூக்கினால் அது நோய்க்காலமே அல்ல. இரண்டு ஆண்டுக்கு முன் ஆலையில் விழுந்து அடிபட்ட முதுகெலும்பு இப்போது மீண்டும் வலித்துப் படுக்க வைக்கிறது என்றால், கோர வேண்டியது தற்காலிக ஊனப் பயன். அது சம்பளத்தில் 90 சதவீதம். 78 நாள் நிபந்தனை இல்லை, 91 நாள் வரம்பும் இல்லை. மருந்தகத்தில் வெறுமனே முதுகுவலி என்று சொல்லி, 70 சதவீதத்திற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருபவர்கள் பணத்தையும் இழந்து 91 நாளையும் செலவழிக்கிறார்கள். பழைய விபத்து அறிக்கையின் நகலைக் கையோடு எடுத்துச் சென்று, இது அந்தக் காயத்தின் தொடர்ச்சி என்று பதியச் சொல்ல வேண்டும். பஞ்சாலைத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருப்பதால், கோவைப் பக்கம் மில்லில் நெடுங்காலம் உழைத்து மூச்சுத்திணறல் திரும்பத் திரும்ப வருபவர்கள் அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஊருக்குப் போவதும் கம்பெனிக்குச் சொல்லாததும்

நோய் திரும்பியதும் சொந்த ஊருக்குப் பஸ் ஏறுவது நம் வழக்கம். பார்த்துக்கொள்ள அங்கேதான் ஆள் இருக்கிறது. ஆனால் பயன் பெறும் காலத்தில் சிகிச்சை பெறும் பகுதியை விட்டு அனுமதியின்றிப் போகக் கூடாது என்பது நிபந்தனை. கிளம்பும் முன் மருந்தகத்தில் சொல்லி, ஊருக்கு அருகிலுள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சிகிச்சையையும் சான்றிதழையும் தொடர ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஊர்த் தனியார் மருத்துவர் பத்து நாளுக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்த சீட்டு, கிளை அலுவலகத்தில் தானாக ஏற்கப்படும் ஆவணம் அல்ல.

சான்றிதழ் இருந்தால் கம்பெனிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்துவிடுவதும் ஆபத்தானது. நோய்க்காலப் பணம் பெறும் நாட்களில் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ கூடாது என்ற பாதுகாப்பு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் பல நிறுவனங்களின் நிலையாணைகளில், அதாவது வேலை ஒழுங்கு விதிகளில், தகவல் தராமல் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் வராதவர் வேலையைக் கைவிட்டவராகக் கருதப்படுவார் என்ற விதியும் இருக்கும். ஒவ்வொரு நோய்க்காலத்திற்கும், முன்பே தெரியுமே என்று விடாமல், சான்றிதழின் நகலை மேற்பார்வையாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, அனுப்பியதற்கான தடயத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் மறுக்கப்பட்டால், கவுன்டரில் சொன்ன வாய்மொழிப் பதிலோடு திரும்பிவிடாமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 78 நாள் குறைகிறது என்றால், நிறுவனம் பிடித்த நாட்களைச் சரியாகப் பதிவேற்றவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம், அதைச் சம்பளச் சீட்டைக் காட்டித் திருத்தச் செய்ய முடியும். அங்கும் தீராவிட்டால் தொழிலாளர் ஈட்டுறுதி நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போவதற்கு முன், பணம் பெற உரிமை பிறந்த நாளிலிருந்து 12 மாதத்திற்குள் கிளை அலுவலகத்தில் முறைப்படி கோரியிருக்க வேண்டும்.