முளைக்காத காராமணி செத்துவிட்டதா? வீட்டிலேயே ஒரு வறட்சிச் சோதனை

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, எங்கள் மொட்டைமாடித் தொட்டிகளுக்கு ஊற்ற ஒரு குடம் நீர்கூட மிஞ்சவில்லை. விதைத்த காராமணி தலைகாட்டவேயில்லை. அந்த விதைகள் செத்தனவா, காத்திருந்தனவா? இதைச் சோதித்துப் பார்க்க இரண்டு வாரம் போதும்.

மண்ணில் நீரைக் குறைத்தால் ஒவ்வொரு தொட்டியும் ஒவ்வொரு விதமாகக் காயும். அதனால் பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000 என்ற பொடியை நீரில் கரைக்கிறோம். அது நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மூலக்கூறு பெரிது என்பதால் விதையின் செல்லுக்குள் நுழையாது. உப்பு அப்படியல்ல; உள்ளே புகுந்து நஞ்சாகும். பிறகு முளைப்பைத் தடுத்தது வறட்சியா, உப்பா என்று பிரித்தறிய முடியாது.

முதலில் கரைசல். 250 கிராம் நீர் வீதம் மூன்று பாத்திரங்களில் எடுத்து 25, 50, 75 கிராம் பொடியைக் கரையுங்கள். 25 டிகிரி செல்சியஸில் இவற்றின் நீரியல் திறன், அதாவது விதைக்கு நீர் எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்பதன் அளவு, ஏறத்தாழ −0.15, −0.5, −1 மெகாபாஸ்கல் (அழுத்த அலகு). பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்க இறங்க வறட்சி கடுமை. நான்காவது வெறும் நீர். அது இல்லாமல் ஒப்பிட ஏதுமில்லை.

அடுத்து, உடையாத, பூச்சி அரிக்காத 120 விதைகள். மூடியுள்ள 12 கிண்ணங்களில் வடிதாள் விரித்து, கிண்ணத்துக்குப் பத்தாக வையுங்கள். ஒவ்வொரு கரைசலுக்கும் மூன்று கிண்ணங்கள். தாள் நன்கு நனையுமளவு ஊற்றி மூடுங்கள். மூடியைத் திறந்தே வைத்தால் சென்னை வெயிலில் நீர் ஆவியாகி, கரைசல் நீங்கள் கலந்ததைவிடக் கெட்டியாகிவிடும். நிழலில், ஒரே இடத்தில் வையுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். முளைவேர் 2 மில்லிமீட்டர் வெளிவந்தால் முளைத்ததாகக் கணக்கு. ஊதியிருப்பது முளைப்பு அல்ல. எத்தனை முளைத்தன என்பதோடு எந்த நாளில் முளைத்தன என்பதையும் எழுதுங்கள். மிதமான வறட்சி பல நேரங்களில் எண்ணிக்கையைக் குறைக்கும் முன்பே முளைப்பைத் தாமதப்படுத்தும். கடைசி நாளில் மட்டும் எண்ணுபவருக்கு இது தெரியாமலே போய்விடும்.

ஏழாம் நாள் முளைக்காதவற்றைத் தூக்கி எறியாதீர்கள். அழுகியவற்றை மட்டும் நீக்கி, மற்றவற்றை நன்றாக அலசி வெறும் நீரில் நனைத்த தாளில் வையுங்கள். இன்னும் ஒரு வாரம் எண்ணுங்கள். இப்போது வேர்விடுபவை அத்தனையும் காத்திருந்த விதைகள்.