சிறிய பாய்ப்படகின் முன்பாய்க்குப் புதுக் கயிறு வாங்குவது எப்படி?

முன்பாயின் பின்கீழ் மூலையிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு கயிறுகள் புறப்பட்டு, தளத்தில் உள்ள கப்பிகள் வழியாகப் படகோட்டி உட்காரும் இடத்துக்கு வருகின்றன. இவைதான் ஷீட்டுகள். பாயை இழுத்து இறுக்குவதும் விட்டுக்கொடுப்பதும் இவற்றால்தான். பழைய படகு வாங்கியவர்கள் இந்தக் கயிற்றை மாற்றக் கடைக்குப் போனால், முதலில் கேட்பது "எது நல்ல உறுதி?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. கைக்கு எது ஏற்றது, எவ்வளவு நீளம் வேண்டும் என்ற இரண்டும்தான் முக்கியம்.

எடுத்துக்காட்டுக்குக் கேட்டலினா 22 படகை வைத்துக்கொள்வோம். 1970-ஐ ஒட்டி அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கி, 15,000-க்கும் மேல் கட்டப்பட்ட படகு அது. நீளம் சுமார் 6.5 மீட்டர். உங்களுடையது வேறு படகாக இருந்தாலும் வழிமுறை இதுவேதான்.

படி 1: பழைய கயிற்றைக் கழுவிப் பாருங்கள்

விறைத்துப்போன கயிறெல்லாம் வீணான கயிறு அல்ல. உப்பு ஏறினாலே கயிறு கம்பிபோல ஆகிவிடும். வாளியில் நல்ல தண்ணீரும் கொஞ்சம் மென்மையான சோப்பும் கலந்து ஒரு இரவு ஊறவைத்து அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் கூடாது.

காய்ந்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரல்களுக்கிடையே உருவிக்கொண்டே வாருங்கள். மேலுறை தேய்ந்து உட்கயிறு தெரிகிறதா? ஓரிடத்தில் மட்டும் சப்பையாகவோ மெலிந்தோ இருக்கிறதா? வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுத்து இறுக்கும் உருளையில்) உராய்ந்து சூடேறிய இடம் பளபளவென்று கண்ணாடிபோல இறுகியிருக்கிறதா? இவற்றில் ஒன்று நடுப்பகுதியில் இருந்தால் மாற்றிவிடுங்கள். பாயில் கட்டும் முனைப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், நீளம் இடம் கொடுத்தால், அந்தத் துண்டை வெட்டிவிட்டுக் கயிற்றைத் தலைகீழாக மாற்றிக் கட்டலாம். இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

படி 2: பாலியஸ்டர் வாங்குங்கள்

பின்னப்பட்ட உட்கயிறு, அதன்மேல் பின்னப்பட்ட உறை, இரண்டும் பாலியஸ்டர். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதைத் தவிர வேறொன்றை நான் சொல்லமாட்டேன். வெயிலைத் தாங்கும், அதிகம் நீளாது, விலையும் மிதம்.

நைலான் நங்கூரத்துக்கு ஏற்றது. இழுத்தால் நன்றாக நீளும். அந்தக் குணமே ஷீட்டுக்குக் கேடு. பலத்த காற்று அடிக்கும்போது பாய் தட்டையாக இருக்க வேண்டும். கயிறு நீண்டால் பாயின் மூலை விலகி, பாய் மேலும் உப்பிக்கொள்ளும், படகு மேலும் சாயும். டைனீமா என்ற மிக உறுதியான செயற்கை இழைக் கயிறு கிட்டத்தட்ட நீளவே நீளாது, ஆனால் விலை பல மடங்கு. பந்தயம் ஓட்டுபவர்களுக்கு அது பயன்படும். வார இறுதியில் குடும்பத்தோடு போகிறவருக்கு அது வீண் செலவு.

இன்னொன்று: நம் ஊர்க் கடைகளில் நைலான் கயிறு என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் நைலானே அல்ல, பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது அந்த வகை. வழுக்கும், வெயிலில் பொடியாகும், ஷீட்டுக்கு ஆகாது. நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும்.

படி 3: தடிமனைக் கை தீர்மானிக்கட்டும்

கணக்கைப் போட்டுவிடுவோம். பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, காற்றின் வேகத்தை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் இருமுறை பெருக்கி, 0.021-ஆல் பெருக்கினால், ஷீட்டில் விழும் இழுவை ஏறத்தாழ கிலோவில் கிடைக்கும். கேட்டலினா 22-இன் பெரிய முன்பாய் சுமார் 14 சதுர மீட்டர். 20 நாட் காற்றில்:

14 × 20 × 20 × 0.021 = சுமார் 118 கிலோ.

நல்ல 10 மி.மீ. பாலியஸ்டர் பின்னல் கயிறு அறுபட இரண்டு டன் அளவுக்கு இழுவை வேண்டும். முடிச்சுப் போட்டால் வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையலாம். குறையட்டும், அப்போதும் மிச்சம் ஏராளம். உண்மையில் 6 மி.மீ. கயிறே இந்தச் சுமையைத் தாங்கிவிடும். ஆனால் 118 கிலோ இழுக்கும் 6 மி.மீ. கயிற்றை வெறுங்கையால் பிடித்துப் பாருங்கள், உள்ளங்கையை அறுத்துவிடும்.

அதனால் 8 மி.மீ.க்குக் கீழே இறங்க வேண்டாம். இந்த அளவுப் படகுக்கு 10 மி.மீ. பொருத்தம். தடித்தது நல்லது என்று 12, 14 என்று ஏறவும் வேண்டாம். தடித்த கயிறு நனைந்தால் கனக்கும். நான்கைந்து நாட் மென்காற்றில் அந்தக் கனமே பாயின் மூலையைக் கீழே இழுத்துவிடும். பாய் விரியாமல் தொய்ந்து தொங்கும். கப்பியிலும் அது சிக்கும்.

பழைய கயிற்றை அளந்து அதே அளவை வாங்குவதிலும் ஆபத்து உண்டு. தேய்ந்த கயிறு சப்பையாகியோ பொதுபொதுவென்று உப்பியோ இருக்கும். முந்தைய உரிமையாளர் தவறான அளவைப் போட்டிருக்கவும் கூடும். கப்பியின் உருளைப் பள்ளத்தையும் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டையும் பாருங்கள். தானாகக் கயிறு பிடிக்கும் வின்ச் என்றால் அது ஏற்கும் தடிமன் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் இருக்கும்.

படி 4: நீளத்தைச் சணலால் அளந்துவிடுங்கள்

ஒரு பக்கத்துக்குப் படகின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்பது வழக்கமான கணக்கு. நம் படகுக்கு ஏறக்குறைய 10 மீட்டர். தொடக்கத்துக்கு இது சரி. ஆனால் பாய் எவ்வளவு பெரியது, வின்ச் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும்.

காற்றில்லாத நாளில், கரையில் கட்டியிருக்கும்போதே, பாயை வலப்பக்கம் முழுவதும் இழுத்து வையுங்கள். இப்போது சும்மா இருக்கும் இடப்பக்கக் கயிற்றுக்குத்தான் அதிக நீளம் தேவை. பாயின் மூலையில் சணலைக் கட்டி, பாய்மரத்துக்கு முன்னால் சுற்றி, இடப்பக்கக் கப்பி வழியாக வின்ச்வரை கொண்டுவாருங்கள். வின்ச்சில் நான்கு சுற்று, அதற்கப்பால் கையில் பிடிக்க ஒன்றரை மீட்டர். முடிச்சுக்கு அரை மீட்டர். பாய் சுருட்டும் வகை என்றால், சுருட்டிய பாயின்மேல் கயிறு இரண்டு மூன்று சுற்று விழும், அதற்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் ஒட்டுப்போட முடியாது. மிஞ்சினால் வெட்டிவிடலாம்.

படி 5: கடையில் செய்ய வேண்டியவை

படகின் கப்பி ஒன்றைக் கழற்றி எடுத்துப் போங்கள். கயிற்றை அதில் கோத்து இழுத்துப் பார்த்தால் விற்பவரின் விளக்கம் தேவைப்படாது. பிறகு கயிற்றை மடக்கிச் சின்ன வளையமாக்குங்கள். விறைத்துத் திமிறினால் படகிலும் அப்படியேதான் இருக்கும். உறையை விரலால் தள்ளிப் பாருங்கள். உட்கயிற்றின்மேல் அது வழுக்கி ஓடினால் வேண்டாம்.

மேற்பரப்பில் இரண்டு விதம் உண்டு: மழமழவென்று மின்னுவது, பஞ்சுபோல மெல்லிய மயிர் எழும்பியது. இரண்டாவதை எடுங்கள். ஈரக்கையிலும் வழுக்காது, வின்ச்சிலும் நன்றாகப் பிடிக்கும். இரண்டு ஷீட்டும் ஒரே நிறமாக, படகிலுள்ள மற்ற கயிறுகளுக்கு வேறான நிறமாக இருந்தால், புதிதாக வந்தவரிடம் "பச்சைக் கயிற்றை விடுங்கள்" என்று சொன்னாலே வேலை முடிந்துவிடும்.

படி 6: வெட்டுதல், கட்டுதல்

வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, டேப்பின் நடுவே வெட்டி, முனையை உருக்கி அடையுங்கள். உருகிய பிளாஸ்டிக்கை விரலால் அழுத்தாதீர்கள்; தோலோடு ஒட்டிக்கொள்ளும். மெழுகு நூலால் முனையைச் சுற்றிக் கட்டினால் இன்னும் உறுதி.

ஒரே நீளக் கயிறாக வாங்கினால், நடுவில் மடித்து, அந்த மடிப்பைப் பாயின் மூலை வளையத்தில் நுழைத்து, இரு முனைகளையும் மடிப்பின் வழியே இழுத்துக்கொள்ளலாம். முடிச்சு சிறியது, படகைத் திருப்பும்போது பக்கவாட்டுக் கம்பிகளில் மாட்டாது. ஆனால் ஒரு பக்கம் தேய்ந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். நான் இரண்டு தனிக் கயிறுகளையே விரும்புகிறேன்: ஒவ்வொன்றுக்கும் ஒரு போலைன் முடிச்சு (முனையில் சுருங்காத கண்ணி போடும் முடிச்சு), கண்ணி சிறியதாக, வால் ஒரு சாண் நீளமாக. இரும்புக் கொக்கி மட்டும் வேண்டவே வேண்டாம். காற்றில் பாய் படபடக்கும்போது அது முன்தளத்தில் நிற்பவரின் மண்டையைப் பதம்பார்க்கும்.

வின்ச்சில் கயிற்றை எப்போதும் கடிகாரச் சுற்றில் சுற்றுங்கள். புதுக் கயிற்றில் முடிச்சு எளிதாகத் தளரும். முதல் சவாரி முடிந்ததும் இரண்டு போலைனையும் பார்த்து மறுபடி இறுக்கிவிடுங்கள்.