"உடம்பு என்ன வண்டியா?": ஒப்பிட்டுப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைச் சர்வீசுக்கு விடுகிறீர்களே மாமா, உடம்பையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளக் கூடாதா?" என்று மருமகள் கேட்கிறாள். "உடம்பு என்ன வண்டியா? வண்டிக்கு உயிர் இருக்கிறதா?" என்று மாமனார் திருப்பிக் கேட்டதும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

ஒப்புமையை மறுக்கும்போது மிகுதியாக நேரும் தவறு இதுதான். எந்த இரு பொருள்களுக்கு இடையிலும் வேற்றுமை இருக்கும் என்பதால், வேற்றுமையைச் சுட்டுவது மட்டும் மறுப்பாகிவிடாது. அந்த வேற்றுமை சொல்லவந்த முடிவைத் தொடுகிறதா என்பதையும் காட்ட வேண்டும். உயிர் இருக்கிறது என்பதால் பரிசோதனை வேண்டாம் என்று ஆகாது. "வண்டியின் பழுது தானாகச் சரியாகாது, உடம்போ சிறு காயங்களைத் தானே ஆற்றிக்கொள்ளும்" என்று மாமனார் சொல்லியிருந்தால், அது முறையான மறுப்பு. மருமகளும் அப்போது, சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் அறிகுறியே காட்டாமல் பல ஆண்டுகள் உள்ளுறுப்புகளைக் கெடுக்கக்கூடியவை என்று விளக்கியிருப்பாள். பேச்சு வண்டியை விட்டு உடம்புக்கு வந்திருக்கும்.

தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை தோன்றும் இடங்களாக வினை, பயன், மெய், உரு என நான்கைச் சொல்கிறது. செய்யுளுக்குச் சொன்ன இலக்கணம்தான். ஆயினும் செயலில் ஒக்கிறதா, விளைவில் ஒக்கிறதா, வடிவிலா, நிறத்திலா என்று கேட்டுப் பார்ப்பது திண்ணைப் பேச்சுக்கும் உதவும்.

ஒப்பிட்டதையே இழிவாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது 475ஆம் குறள். அதை எடுத்துக்காட்டி வேலைப்பளுவைப் பற்றி முறையிடும் ஊழியரிடம், "நான் தரும் வேலை மயிலிறகா?" என்று மேலாளர் கோபித்தால், அவர் பொருளைப் பிடித்துக்கொண்டு அளவை விட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

பழமொழியைச் சான்றாக வைப்பதும் ஆபத்தானது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பவருக்கு, "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்று உடனே பதில் கிடைத்துவிடும். மணிமேகலையின் 29ஆம் காதையில் வரும் தருக்க விளக்கத்தில், மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கருத்து), புகை இருப்பதால் என்பது ஏது (காரணம்), அடுக்களை போல என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). எடுத்துக்காட்டு காரணத்துக்குப் பின்னால்தான் வருகிறது. நாமோ புகையைக் காட்டாமலே அடுக்களையைக் காட்டிவிடுகிறோம்.

நாட்டின் நிதிநிலையை வீட்டுக் கணக்கோடு ஒப்பிடும் வழக்கத்தில் இந்தக் குறை நன்றாகத் தெரிகிறது. "வரவுக்குள் செலவு செய்யாத வீடு உருப்படுமா?" என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வீட்டுத் தலைவர் வரி விதிக்க முடியாது. வீட்டில் காப்பிச் செலவைக் குறைத்தால் வீட்டுக்காரரின் சம்பளம் குறையாது; அரசு தன் செலவைக் குறைத்தாலோ, அந்தப் பணத்தை வருமானமாகப் பெற்றுவந்தவர்களின் கை சுருங்கி, அவர்கள் கட்டும் வரியும் குறையக்கூடும். அதற்காக ஒப்புமை முழுவதையும் தூக்கி எறியவும் வேண்டாம். பழைய கடனின் வட்டி, புதிய செலவுக்கான இடத்தைத் தின்றுவிடும் என்பது இரண்டுக்கும் பொது.

ஒப்புமையை எல்லை தாண்டி இழுப்பதும் தவறுதான். மின்னழுத்தத்தை நீரின் அழுத்தமாகவும் மின்னோட்டத்தை நீரோட்டமாகவும் விளக்கும் ஆசிரியர் நல்ல உவமையைத்தான் எடுக்கிறார். ஆனால் குழாயைத் துண்டித்தால் தண்ணீர் கொட்டும்; சுற்றில் உள்ள கம்பியைத் துண்டித்தால் மின்னோட்டம் நின்றுவிடும். அந்த இடத்தில் உவமையை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒப்புமை எடுபடவில்லை என்று தெரிந்த பின்னும் அதைக் காப்பாற்ற இன்னொரு ஒப்புமையைத் தேடுவோர் பலர். வண்டி போய் வீடு வரும், வீடு போய் வயல் வரும். "வண்டியை விடுங்கள் மாமா, உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததல்லவா?" என்று அந்த மருமகள் நேராகவே கேட்டிருக்கலாம்.