ஆச்சிக்கு மாத்திரை வாங்கும்போது பில்லையும் வாங்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், ஆச்சி மட்டும் ஊரில். பிரஷர், சுகர் மாத்திரையை யாராவது டவுனுக்குப் போகும்போது வாங்கி வந்து கொடுப்பார்கள், பில் கேட்பதே கிடையாது. அந்த மாத்திரை போலியாக இருந்துவிட்டால்? போலி மருந்துக்குச் சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி, உயிருக்கே ஆபத்தான போலி மருந்தைத் தயாரித்தாலும் விற்றாலும் குறைந்தது 10 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனைவரை போகலாம். ஆனால் எந்தக் கடை, எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி) என்று காட்ட நம்மிடம் ஒன்றுமே இல்லையென்றால் மருந்து ஆய்வாளர் எங்கிருந்து பிடிப்பார்?

அதனால் முதலில் பில். கடையின் உரிம எண் அதில் இருக்க வேண்டும், பேட்ச் எண்ணையும் போட்டுத் தரச் சொல்லி, அங்கேயே அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாலு மாத்திரை போதும் என்றால் கத்தரித்துக் கொடுக்கும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும், தினமும் சாப்பிடுகிற மருந்தை முழு அட்டையாகவே வாங்குவது நல்லது. மாத்திரைகளைப் பிரித்துப் பழைய டப்பாவில் கொட்டி வைக்க ஆச்சியை விடாதீர்கள்.

அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கியூஆர் கோடு கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச், தேதிகள், உற்பத்தி உரிம எண் எல்லாம் வரும். கோடு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அதையும் நகல் எடுக்க முடியும். வருகிற விவரமும் அட்டையில் அச்சான விவரமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது, எழுத்துப்பிழை இருக்கிறது, மாத்திரை தொட்டால் உதிர்கிறது. அட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. மருந்தைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டி மாற்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன, கடை எந்த மாவட்டமோ அங்கே கொடுக்க வேண்டும். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, நீங்கள் வாங்கிய மருந்தை நீங்களே கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் கொடுத்துப் பரிசோதித்து, அறிக்கையைக் கையில் வாங்கலாம்.