சளி, இருமலுக்கு வீட்டு வைத்தியம்: எங்கே தவறுகிறோம்?

என் அப்பா மூன்று மாதம் இருமினார். எங்கள் கொல்லையில் ஆடாதோடைச் செடி உண்டு. தினமும் காலையில் ஐந்தாறு இலை பறித்து, மிளகைத் தட்டிப் போட்டு, சுண்டக் காய்ச்சித் தேன் விட்டுக் குடிப்பார். குடித்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இளகும். "பாத்தியா, கரையுது" என்பார். சாயங்காலம் மறுபடி இருமல். சட்டை தொளதொளவென்று ஆன பிறகும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். சில வருடம் முன்பு காய்ச்சலுக்குப் போன ஒரு தனியார் மருத்துவமனையில், என்ன நோய் என்றே சொல்லாமல் நான்கு நாள் படுக்கவைத்துப் பெரிய பில்லை நீட்டியிருந்தார்கள். "நான் சொல்றத கேக்கவே இல்லம்மா அவங்க" என்பதுதான் அவர் குறை. பணத்தைக்கூட அவர் அவ்வளவாகச் சொல்லவில்லை.

கடைசியில் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது.

அந்தக் கஷாயம் அவரைக் கெடுக்கவில்லை, கெடுத்தது மூன்று மாதம். அதுவும் அவரை மட்டுமா? அதே வீட்டில் என் அண்ணன் குழந்தைகள் இரண்டு பேர் அவர் மடியில்தான் கிடப்பார்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் கஷாயத்தைக் குடித்தபடியே சளியைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் கொடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அடைத்துவிடுவார்கள் என்ற பயம் அப்பாவுக்கு இருந்தது. அவருக்கு நான் சொன்ன கதை இது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியினர் காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனையான சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் இருந்தார்கள். மறு பாதியினர் தங்கள் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் குணம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவுதான் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட முக்கியக் காரணம். வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று நிரூபித்தது நம் சென்னை. ஆனால் அந்த வீட்டு வைத்தியத்தில் மாத்திரை இருந்தது.

ஆடாதோடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்து உருவானதுதான் புரோம்ஹெக்சின். அது உடம்பில் மாறி உண்டாவது அம்ப்ராக்சால். இருமலுக்கு டாக்டர் எழுதும் சிரப்புகளில் பாதியில் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். ஆக, "அவங்க மருந்து, நம்ம மருந்து" என்று நாம் கட்டும் சுவர் அவ்வளவு உயரம் இல்லை. சளியை இளக்கும் வேலையை இரண்டும் செய்யும். காசநோய்க் கிருமியைக் கொல்லும் வேலையை இரண்டுமே செய்யாது.

வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் உள்ள வித்தியாசம்

சுக்கு, மிளகு, திப்பிலி, தூதுவளை ரசம், மஞ்சள் போட்ட பால் எல்லாம் வயிற்றுக்குப் போகிறவை. உணவைச் செரிக்கிற வயிறு அவற்றையும் சமாளிக்கும். மூக்கு வழியாகப் போவது நேரே நுரையீரலின் வாசலில் நிற்கிறது. வீட்டு வைத்தியத்தில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இன்னும் போகவில்லை. தண்ணீர் தவறிப் போனால் குழந்தை புரையேறி இருமும். எண்ணெய்க்கு அந்த இருமல் சரியாக வருவதில்லை. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும். உடம்பால் அதை எளிதில் அகற்றவும் முடியாது. எக்ஸ்ரேயில் நிமோனியா போலத் தெரியும், ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கேட்காது. "எண்ணெய் விட்டீர்களா?" என்று டாக்டர் கேட்டால் மாமியார் முகத்தைப் பார்த்து மருமகள் தலையாட்டாமல் நிற்பாள். அந்தத் தயக்கத்தில் வாரங்கள் போகும். மூக்கில் ஊதிச் சளி எடுப்பதும், விரலைத் தொண்டைக்குள் விட்டு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

கற்பூரம் அடுத்தது. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறேன், பிள்ளையாக இருந்தபோது எனக்கும் தேய்த்திருக்கிறார்கள். கைக்குழந்தையின் தோல் மெல்லியது, கற்பூரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வலிப்பு வரலாம். விழுங்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம் எந்த வடிவத்திலும் வேண்டாம், கற்பூரம் சேர்ந்த தைலமும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் சளி பிடித்த குழந்தைக்குப் புகைதான். ஒரு வயது முடியும்வரை தேனைத் தொட்டு நாக்கில் வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஒரு வயது தாண்டிய பிள்ளையின் இருமலுக்கு அதே தேன் நல்ல மருந்து.

வேது பிடிப்பது பெரியவர்களுக்கு இதமாக இருக்கும், மூக்கு திறக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். வைரஸ் நம் செல்லுக்குள் குடியிருக்கிறது, ஆவி அங்கே போய் அதைக் கொல்லாது. கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், பொது இடங்களில் ஆவி பிடிக்கக் கருவிகள் வைத்தபோது, அதனால் தொற்று பரவும் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் எச்சரிக்க வேண்டியிருந்தது. பிள்ளையை மடியில் வைத்துப் போர்வைக்குள் கொதிக்கும் சட்டியோடு உட்காராதீர்கள். ஒரு உதை போதும், தொடை முழுக்க வெந்துபோகும்.

கடைக்காரர் தரும் 'செட்'

டாக்டரை நம்பாதவர்கள் பலர் மெடிக்கல் ஷாப்பை முழுதாக நம்புகிறார்கள். "சளி, காய்ச்சல், மூணு வேளைக்கு செட் கொடுங்க" என்றால் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், அஜித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கலாம், எது என்று நமக்குத் தெரியாது. சாதாரணச் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்டீராய்டு ஒரே நாளில் எழுப்பி உட்காரவைக்கும், கூடவே சர்க்கரையை ஏற்றிவிடும். ஆங்கில மருந்து என்ற பெயரில் நடந்தாலும் இதுவும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் கை வைத்தியம்தான்.

அவநம்பிக்கைக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. அந்தச் செய்தியைக் காட்டி "இதுக்குத்தான் நாங்க போறதில்ல" என்று உறவினர் ஒருவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தைக் கேள்வியாக மாற்றி டாக்டரிடமே கேட்க வேண்டும்: "இந்த சிரப் கட்டாயம் வேணுமா?" இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதக்கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசே அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது. கேட்டால் பல டாக்டர்கள் நிறுத்திவிடுவார்கள். எரிந்து விழுந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

சித்த மருந்துதான் வேண்டும் என்றால் படித்த சித்த மருத்துவரிடம் போங்கள், அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள். அதை மாதக்கணக்கில் டீ மாதிரிக் குடிக்க யாரும் சொல்லவில்லை. தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரத்தை நாள் முழுக்க மெல்லுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் இதை டாக்டரிடம் சொல்லாவிட்டால் அவர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார். என்ன சாப்பிட்டாலும் பொட்டலத்தோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

குழந்தைக்குச் சளி என்றால் கைவசம் இருக்க வேண்டியது ஒரு கடிகாரம். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே அன்றே டாக்டரிடம் போக வேண்டும். விலா எலும்புக்குக் கீழே உள்ளிழுத்தால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாரித்தால், அடுப்பை அணைத்துவிட்டு 108ஐ அழையுங்கள்.